உபயம் எழுத இடமில்லாத வேலை

வெள்ளி – ஒட்டுசுட்டான்

புளியங்குளத்தில் ஏ-9ஐ விட்டு நெடுங்கேணிப் பக்கம் திரும்பியதுமே ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டது. சிறுபோக அறுவடை முடிந்த கையோடு படங்கு விரித்துத் தாரில் காயப் போட்டிருக்கிறார்கள். மிச்சப் பாதியில் பஸ்ஸும் உழவு இயந்திரமும் எங்கள் மோட்டார் சைக்கிளும். சோளகக் காற்று அள்ளி வரும் உமி கண்ணுக்குள் விழ, பின்னால் இருந்த மேசன் அண்ணை, "மெல்லப் போ தம்பி, நெல்லுக்கு மேல ஏத்தினியெண்டா அடிதான் விழும்" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

வவுனியாவில் கட்டடப் படம் வரைந்து மதிப்பீடு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு கிராமத்துக் கோயில் சபை, தங்கள் பழைய மடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டப் படம் கேட்டிருக்கிறது. மடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே பூநகரி, மாந்தை, அரிப்பு என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவதென்று வெளிக்கிட்டோம். வன்னியில் பழங்கட்டடங்களுக்கு ஆர் காசு போடுகிறார்கள், எதற்குப் போடுகிறார்கள், எதற்குப் போடவே மாட்டார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று எனக்கு. மேசன் அண்ணைக்கு வேறு காரணம். அவருடைய தகப்பன் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு நீற்றிக் கட்டிய ஆள். இவர் சின்னனில் கூட நின்று அந்த வேலையைப் பழகினாலும், பிறகு சோறு போட்டது சீமெந்துதான்.

கற்சிலைமடுவில் பண்டார வன்னியன் சிலையடியில் கொஞ்சம் நின்றோம். 1803 ஓகஸ்ட் 25இல் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன். அதே வருடம் ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அவனை இந்தப் பக்கத்தில்தான் தோற்கடித்தது. அதைப் பெருமையாக எழுதி வெள்ளைக்காரர் ஒரு கல் நட்டார்கள். அந்தக் கல் நின்றபடியால்தான் இடம் மறக்கப்படவில்லை. இன்று அதே இடத்தில் தோற்றவனுக்கு நாங்கள் சிலை வைத்திருக்கிறோம். நல்லது. ஆனால் அவன் பிடித்த கோட்டை எங்கே? ஒல்லாந்தர் கட்டிய அந்தக் கோட்டையில் இன்று சொல்லும்படி ஒன்றும் மிஞ்சவில்லை. சிலை என்றால் ஊர் கூடும், மாலை போட அரசியல்வாதியும் வருவார். சுவருக்கு ஆர் வருவார்?

இரவு ஒட்டுசுட்டானில் மேசன் அண்ணையின் சகலன் வீட்டில் தங்கல். வளவு முழுக்கப் பனம்பழ வாசம்.

சனி – மடத்தடி

மடத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாக எழுதவேண்டும்.

கோயில் வீதிக்கு வெளியே, கேணிக்குப் பக்கத்தில் நிற்கிறது. மூன்று பக்கமும் திறந்த திண்ணை, பின்னால் ஒரு அறை. கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் படுத்தெழும்பிய இடம். தூண்கள் முதிரை, வளை பாலை, சிலாகை பனை. எல்லாம் பக்கத்துக் காட்டிலும் வளவிலும் வெட்டியதாகத்தான் இருக்கும். சுவர் செங்கல், சாந்து சுண்ணாம்பு. 2008 கடைசியில் ஊர் முழுக்க எழும்பிப் போனது. மெனிக்பாம் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்தபோது கோயிலுக்குக் கூரை இல்லை, வீடுகளுக்குக் கதவு யன்னல் இல்லை. மடம் பாதி ஓட்டை இழந்து, ஒரு தூணில் ஷெல் துண்டு கொத்திய காயத்தோடு அப்படியே நின்றதாம். திரும்பி வந்த சனம் முதலில் படுத்ததும் இதே திண்ணையில்தான். இதைச் சொன்னது சபைத் தலைவர். இடிக்கப் படம் கேட்டவரும் அவர்தான்.

மேசன் அண்ணை ஒன்றும் பேசாமல் சுவரைச் சுற்றி வந்தார். அடிச்சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சீமெந்துப் பூச்சு. திரும்பி வந்த காலத்தில் நல்ல மனத்தோடு பூசியிருக்கிறார்கள். விரலை மடக்கித் தட்டினார், பொள்ளல் சத்தம். மேலே பழைய சுண்ணாம்புப் பூச்சில் தட்டினால் சத்தமே வேறு, இறுகிக் கிடக்கிறது. சாந்தகப்பையின் நுனியை விளிம்பில் கொடுத்து லேசாக நெம்பினார். இரண்டு கை அகலத்துக்குச் சீமெந்து அப்படியே தகடாகக் கழன்று விழுந்தது. உள்ளே செங்கல் இல்லை. செங்கல்லாக இருந்தது மாவாகி, ஒரு பிடி அளவு அவர் காலில் கொட்டியது. கழன்ற தகட்டின் பின்புறம் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு" என்றார்.

நடந்தது இதுதான். நிலத்து ஈரம் செங்கல்லுக்குள்ளால் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பும் பூச்சில்தான் பூக்கும், சில வருடத்துக்கு ஒருமுறை பூச்சைச் சுரண்டி மாற்றினால் காணும். சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. வழி அடைபட்ட ஈரம் உள்ளுக்குள்ளேயே உலர்ந்து, உப்பு செங்கல்லுக்குள் இறுகி, செங்கல்லைத் தின்றுவிடும். வெளியே பார்த்தால் சுவர் பளபளவென்று இருக்கும், உள்ளே மா. பழஞ்சுவருக்குச் சீமெந்து அடிப்பது மூச்சு முட்டுகிறவன் வாயைப் பொத்துவது மாதிரி.

தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தேத்தண்ணி வந்தபின் மெல்லக் கதையைத் தொடங்கினார்.

"உதை இடிக்க இஞ்ச ஒருத்தருக்கும் ஆசையில்லைத் தம்பி. ஆனா லண்டனில இருக்கிற எங்கட பிள்ளையள் மண்டபத்துக்கெண்டுதான் காசு சேர்த்திருக்கினம். ஓடு மாத்தக் காசு தாங்கோ எண்டு கேட்டா ஆர் தருவினம்?"

"கேட்டுப் பாத்தனீங்களோ ஐயா?"

"கேட்டனாங்கள். 'பெரிசா ஒண்டு செய்யுங்கோ, சில்லறை வேலை வேண்டாம்' எண்டுதான் பதில்."

கோயிலுக்குள் போய்ப் பார்த்தால் அந்தப் பதிலின் அர்த்தம் தெரியும். ரியூப் லைற்றில் பெயர். தண்ணீர்த் தாங்கியில் பெயர். மண்டபத்து மின்விசிறி ஒன்றின் மூன்று இறக்கையிலும் ஒரே குடும்பத்தின் மூன்று பேர்; விசிறியை நிறுத்தினால்தான் வாசிக்கலாம். கேலிக்கு எழுதவில்லை. பெயர் போடும் ஆசையில்லாவிட்டால் வன்னியில் இந்த 15 வருடத்தில் பாதிக் கோயில் எழும்பியிருக்காது. தாய் தகப்பனின் பெயரை ஊரில் ஒரு கல்லில் வைத்துவிட வேண்டும் என்று பனிக்குளிரில் இரவு வேலை செய்து அனுப்பிய காசு அது. ஆனால் அந்தக் காசு பெயர் எழுத இடமுள்ள வேலைக்கு மட்டுமே வரும். கூரை ஏறி ஒழுக்குப் பார்ப்பது, பீலியில் அடைத்த சருகை அள்ளுவது, சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவது: இவற்றில் எங்கே பெயரை எழுதுவது? வன்னியில் காசு இல்லாமல் பழங்கட்டடம் விழவில்லை. இப்படிப்பட்ட வேலைக்குக் காசு இல்லாமல்தான் விழுகிறது.

தொல்லியல் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாமே என்றேன். திண்ணையில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தனாதிகாரி மட்டும் வாய் திறந்தார்.

"வேண்டாம். இண்டைக்கு அளக்க வருவினம், நாளைக்குப் பலகை நடுவினம், நாளையிண்டைக்கு நாங்கள் பொங்கிறதுக்குக் கோட்டுக்குப் போகோணும்."

குருந்தூர் மலை, வெடுக்குநாறி மலை என்று, வழிபாட்டுக்காகச் சனம் திணைக்களத்தோடு இழுபட்ட இரண்டு இடத்தின் பெயரைச் சொன்னால் போதும், இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று இங்கே விளக்கத் தேவையில்லை. பயம் வெறும் கற்பனை என்று என்னாலும் சொல்ல ஏலாது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: பழசு என்று ஆராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் சனமே பழசை இடித்துப் புதிசாக்கிவிடுகிறது.

சட்டமும் இந்த மடத்துக்குத் தானாகக் கை கொடுக்காது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐத்தான் எல்லையாக வைக்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள். அதற்கு முந்தியது என்றால் தானாகவே பாதுகாப்பு. பிந்தியது என்றால் வர்த்தமானியில் அறிவிக்கவேண்டும். வன்னியில் இன்றும் ஆட்கள் புழங்குகிற பழங்கட்டடங்களை எண்ணிப் பாருங்கள். மடங்கள், பழைய தேவாலயங்கள், கல்வீடுகள், வாடி வீடுகள் என்று பெரும்பாலும் எல்லாம் அந்த நாளுக்குப் பிந்தியவை.

நேராகச் சொன்னேன்: இடிக்கிற படத்தை வரைவேன், ஆனால் திருத்துகிற மதிப்பீடும் கூடவே தருவேன், இரண்டையும் சபையில் வையுங்கள். தலைவர் கொஞ்சநேரம் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புரட்டாதி முடியுமட்டும் கை வைக்கேல்லை. அதுக்குள்ள ரெண்டும் வரோணும்."

பின்னேரம் முள்ளியவளை வழியாக முல்லைத்தீவு. மீன் நல்ல மலிவு.

ஞாயிறு – பூநகரி

பரந்தனில் இருந்து மேற்கே திரும்பினால் வெளி. வெளியென்றால் அப்படியொரு வெளி. பனையும் உப்புத் தரையும் மாடும்தான். கிளிநொச்சி வன்னிதானா என்று மேசன் அண்ணைக்குச் சந்தேகம். தேர்தலுக்கு யாழ்ப்பாணத்தோடு சேர்த்திருக்கிறார்களே என்கிறார். தேர்தல் தொகுதியைப் பார்த்து மண்ணைப் பிரிக்கிறதென்றால் பிறகு பேச ஒன்றும் இல்லை.

பூநகரிக் கோட்டை சின்னது. போர்த்துக்கேயர் தொடக்கியது, 1770இல் ஒல்லாந்தர் பெருப்பித்தார்கள். சதுரம், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 30 மீற்றர், எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளம். யாழ்ப்பாணத்துக்குப் போகும் கடல்வழியைக் காவல் காக்கப் போதும். 1805இல் ஆங்கிலேயர் இதற்குள் ஒரு வாடி வீடு கட்டினார்கள். யுத்தம் வரும்வரை ஓரளவு நல்ல நிலையில் இருந்தது. பிறகு நடந்ததை இந்த ஊரில் ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை, சுவரே சொல்லும்.

சுவர் முருகைக்கல். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பவளப்பூச்சிகள் கட்டிய நட்சத்திர நட்சத்திரமான குழி தெரிகிறது. கடலடியில் வளர்ந்ததை வெட்டி வந்து அடுக்கியிருக்கிறார்கள். இன்று அப்படி வெட்ட ஏலாது. கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981இல் வந்தது, 1988இல் திருத்தி முருகைக்கல் அகழ்வதைத் தடை செய்தார்கள். சரியான தடைதான், கல்லை எடுத்தால் கடல் ஊருக்குள் வரும். ஆனால் பழைய சுவரைத் திருத்துகிறவனுக்கு அதனால் ஒரு கட்டாயம் வருகிறது: விழுந்த கல்லையே பொறுக்கி அடுக்கவேண்டும். அதனால் விழுந்து கிடக்கும் கல் ஒவ்வொன்றும் காசு. ஆரும் வேலிக்கு அத்திவாரம் போட ஏற்றிப் போகாமல் பார்ப்பதே கோட்டைப் பராமரிப்பில் பாதி.

மேசன் அண்ணை வெடிப்பொன்றில் முளைத்திருந்த ஆலங்கன்றைக் காட்டினார். என் கைவிரல் தடிப்புத்தான்.

"உதை வெட்டினா என்ன நடக்கும் சொல்லு?"

"திரும்பத் தழைக்கும்."

"தழைக்கிறது மட்டுமில்லை, வேர் இன்னும் கோபத்தோட உள்ள போகும். கன்றா இருக்கேக்கை வேரோட இழுத்து எடுத்து, அந்த ஓட்டையைச் சுண்ணாம்பால அடைக்கோணும். ரெண்டு ஆள், அரை நாள் வேலை. பத்து வருசம் விட்டா சுவரைப் பிரிச்சுக் கட்டோணும். அதுக்கு அரசாங்கம்தான் வரோணும்."

மழைக்கு முன் ஒருக்கா, மழைக்குப் பின் ஒருக்கா, வருடத்தில் இரண்டு தரம் இரண்டு ஆள். இப்படி ஒரு வரி எந்தத் திட்ட முன்மொழிவிலும் இராது. முன்மொழிவு எழுதுகிறவர்களுக்கு அது மிகவும் சின்னத் தொகை.

மத்தியானம் ஒரு வேம்படியில் இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆங்கிலேயர் பூநகரிக் கோட்டைக்குள்ளும் வாடி வீடு வைத்தார்கள், ஆனையிறவுக் கோட்டையிலும் வைத்தார்கள், அரிப்பிலும் வைத்தார்கள். பழமை மேல் பற்றில்லை. கட்டிய சுவர் கிடக்கிறது, கூரை போட்டால் உத்தியோகத்தர் படுக்கலாம் என்ற சிக்கனம். ஆனால் ஆள் படுக்கிற கட்டடத்தின் ஒழுக்கை ஆராவது அடைத்தே ஆகவேண்டும். மட்டக்களப்புக் கோட்டைக்குள் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரி இருந்தது. கொழும்பில் ஒல்லாந்தர் கால ஆஸ்பத்திரியைத் திருத்தி 2011இல் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளுமாகத் திறந்தார்கள். அங்கே வாடகை வருகிறது, கூரை நிற்கிறது. பூநகரியில் ஆர் கடை எடுப்பார்? கொழும்பு வழியை இங்கே கொண்டுவந்து வைக்க ஏலாது. ஆனால் சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்ததில் இருந்து மன்னார்–யாழ்ப்பாண வாகனமெல்லாம் இந்த வழியால்தான் ஓடுகிறது. நின்று தேத்தண்ணி குடிக்க, கால் நீட்ட ஒரு நல்ல இடம் இல்லை. கோட்டைச் சுவரில் கை வைக்காமல், பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டு, மாதர் சங்கம் ஒன்றுக்குக் கொடுத்து, வாடகைக்குப் பதிலாகப் புல் வெட்டச் சொன்னால் என்ன? பிரதேச சபைக்கு இதற்கு வெளிநாட்டு உதவி தேவையில்லை.

மண்ணித்தலைச் சிவன் கோயிலையும் பார்க்க ஆசை. மணல் பாதையில் இரண்டு பேரோடு மோட்டார் சைக்கிள் மறுத்துவிட்டது. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரிப் பக்கமெல்லாம் ஆய்வு செய்து எழுதியதை வாசித்தவர்களுக்குத் தெரியும், இந்த மணலுக்கடியில் கிடப்பது கோட்டையை விட எவ்வளவோ பழசு.

திங்கள் – மாந்தை, மன்னார்

ஏ-32. வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு. ரோட்டு நல்லது, நிழல் இல்லை. அவ்வளவுதான்.

திருக்கேதீச்சரத்தில் பாலாவியில் கால் நனைத்துவிட்டு உள்ளே போனோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கேயர் இடித்தார்கள், அந்தக் கல்தான் மன்னார்க் கோட்டைக்குப் போனது என்பது இங்கே எல்லார் வாயிலும் உள்ள கதை. அதன் பிறகு பல தலைமுறைக்குக் காடு. 1872இல் ஆறுமுக நாவலர் இதைத் திரும்ப எழுப்பவேண்டும் என்று எழுதினார். 1893இல் காணி வாங்கப்பட்டது. 1948இல் சேர் கந்தையா வைத்தியநாதன் தலைமையில் திருப்பணிச் சபை. யுத்த காலத்தில் படை முகாம். யுத்தம் முடிந்தபின் இந்திய அரசு 32 கோடி 60 இலட்சம் ரூபா நன்கொடையாகக் கொடுத்து, மாமல்லபுரத்துச் சிற்பிகள் வந்து கருங்கல்லில் மண்டபம் செதுக்கி, 2022 யூலையில் கும்பாபிஷேகம் நடந்தது.

கல்வேலை அருமை. மேசன் அண்ணை ஒரு தூணைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். ஆனால் இது பழசைப் பாதுகாத்த வேலை இல்லை, அழிந்ததைப் புதிசாக எழுப்பிய வேலை. கோயிலுக்கு அதுதான் முறை, குறை சொல்ல இடமில்லை. நான் பார்க்கவந்தது காசு எதைத் தேடிப் போகிறது என்பதை. யாழ்ப்பாணக் கோட்டைக்கு நெதர்லாந்து கொடுத்தது, கேதீச்சரத்துக்கு இந்தியா கொடுத்தது. ஒரு நாடு காசு கொடுத்தால் அதற்குத் தன்னுடையது என்று காட்ட அங்கே ஏதாவது இருக்கவேண்டும். ஒட்டுசுட்டான் மடத்தில் எந்த நாட்டுக்கு என்ன இருக்கிறது?

அரசாங்கத்தின் பக்கம் மத்திய கலாசார நிதியம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது. சீகிரியா, பொலநறுவை மாதிரி இடங்களில் வெளிநாட்டார் எடுக்கும் நுழைவுச்சீட்டுத்தான் அதன் பெரிய வரும்படி. தலதா மாளிகைக்கும் சீகிரியாவுக்கும் போகும் பஸ் பூநகரிக்கு வராது. சீட்டு விற்காத இடத்துக்குச் சீட்டுக் காசு கடைசியாகத்தான் வந்து சேரும். 2022இல் நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற பிறகு அந்தக் கடைசியும் எவ்வளவு தூரம் தள்ளிப்போனதென்று சொல்லத் தேவையில்லை.

இதற்கெல்லாம் விடை இதே மாதோட்டத்தில், அதாவது மாந்தையில், ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் வெட்டிக் கிடக்கிறது என்பதுதான் இன்றைக்கு என்னைக் குடைந்த விஷயம். சோழர் ஆண்ட காலம். மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று பெயர். சோழநாட்டுச் சிறுகூற்றநல்லூரில் இருந்து வந்த தாழிகுமரன் என்ற அதிகாரி இங்கே இராசராச ஈசுவரம் என்றொரு சிவன் கோயில் எடுத்தான். எடுத்ததோடு விடவில்லை. கோயிலின் அன்றாட வேலையும் திருவிழாவும் நின்றுவிடாமல் நடக்க நிலமும் வருமானமும் எழுதி வைத்தான். அந்தக் கல்வெட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. திருவிராமீசுவரம் என்ற இன்னொரு கோயிலுக்கு விளக்கெரிக்கக் கொடுத்த காசு, எண்ணெய் வாணியரான சங்கரபாடியார், வெற்றிலை வாணியர், வாழைக்காய் வாணியர் ஆகியோரின் பொறுப்பில் வைக்கப்பட்டது. விளக்கு அணையாமல் பார்ப்பது இனி வியாபாரிகளின் கடமை.

அதாவது கட்டுகிற காசு வேறு, காக்கிற காசு வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காக்கிற காசைக் கொடுத்தவனின் பெயரைத்தான் கல்லில் வெட்டினார்கள்! எங்கள் கோயில்களிலும் இந்தப் பழக்கம் முழுதாகச் செத்துப்போகவில்லை. வங்கியில் ஒரு தொகையை நிரந்தர வைப்பில் போட்டு, வரும் வட்டியில் அப்பாவின் திதி நாளில் வருடாவருடம் பூசை செய்ய எத்தனையோ குடும்பம் எழுதி வைத்திருக்கிறது. அதே வைப்பை ஏன் ஒரு கூரைக்குப் போடக்கூடாது? "இந்த மடத்துக் கூரை இன்னாரின் ஞாபகார்த்தமாக வருடாவருடம் பார்க்கப்படுகிறது" என்று ஒரு கல் நட்டால், லண்டன் பிள்ளைகளுக்குப் பெயரும் கிடைக்கும், பீலியில் சருகும் அடைக்காது.

மேசன் அண்ணையிடம் சொன்னேன். "வட்டி வீதம் விழுந்தா?" என்று கேட்டார். கேள்வி நியாயம். வட்டி விழுகிற வருடம் கூரை மட்டும், ஏறுகிற வருடம் பூச்சும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பின்னேரம் பாலத்தால் தீவுக்குள் போய் மன்னார்க் கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். நாலு கொத்தளம். உள்ளே பழைய தேவாலயத்தில் ஒல்லாந்தரின் கல்லறைக் கற்கள். கொத்தளத்தில் ஏறி நின்றால் காற்று ஆளைத் தள்ளுகிறது. சுவருக்குள் கேதீச்சரத்துக் கல் தெரிகிறதா என்று மேசன் அண்ணை தேடிக்கொண்டே போனார். இருட்டிவிட்டது.

செவ்வாய் – அரிப்பு

அரிப்புக் கோட்டை அருவி ஆறு கடலோடு சேரும் பக்கத்தில். 1679இல் றொபேட் நொக்ஸ் கண்டியரசனின் பிடியில் இருந்து தப்பி, கிட்டத்தட்ட 20 வருடச் சிறைக்குப் பிறகு காட்டுக்குள்ளால் நடந்து வந்து சேர்ந்த இடம். இரண்டு கொத்தளம், அதற்குள் பிற்கால வாடி வீட்டின் மிச்சம். படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தோம். வந்தது இதற்கல்ல.

கொஞ்சம் தெற்கே, கடலோர மண்மேட்டில் அல்லி ராணி கோட்டை. ஊர்ச்சனம் அப்படித்தான் சொல்லும். உண்மையில் இலங்கையின் முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் முத்துக் குளிப்பைப் பார்வையிடவென்று 1801–1804 காலத்தில் கட்டிய மாளிகை. தூண்கள் கிரேக்க டோரிக் பாணியில், அதனால் வெள்ளைக்காரர் அதை டோரிக் என்றே அழைத்தார்கள். பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர் அந்தக் காலத்திலேயே வந்து பார்த்து, தீவிலேயே அழகான கட்டடம் என்று எழுதினார். உள்ளே செங்கல், வெளியே சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு. கடலடியில் இருந்து முத்துக்காக அள்ளிய சிப்பியின் ஓட்டைச் சுட்டே மாளிகைக்குப் பூசியிருக்கிறார்கள். வீண் ஒன்றும் இல்லை.

மிஞ்சிய சுவர் ஒன்றில் அந்தப் பூச்சு இன்னும் இருக்கிறது. மேசன் அண்ணை முதலில் உள்ளங்கையை வைத்தார், பிறகு கன்னத்தை வைத்தார். 200 வருடத்துக்கு மேல் உப்புக்காற்று அடித்த சுவர், பளிங்கு மாதிரி வழவழப்பு. "முட்டை வெள்ளைக்கரு போட்டிருப்பாங்களோ?" என்றேன். "இல்லையடா. தேய்ச்சது. ஈரம் காய முன்னம் கூழாங்கல்லால நாள் முழுக்கத் தேய்ச்சது." தகப்பன் காலத்தில் சிப்பி சுட்டுத் தண்ணி ஊற்றினால் குழி கொதிக்கும், அதற்குப் பக்கத்தில் பிள்ளைகளை அண்டவே விடமாட்டார்களாம். நீறின சுண்ணாம்பை வாரக்கணக்கில் தண்ணிக்குள் ஊறவிடுவது. சாந்துக்குக் கடுக்காய் ஊறல், பனங்கட்டிக் கரைசல். எல்லாம் அவசரப்படாத வேலை. சுண்ணாம்பு காற்றில் இருந்து மெல்ல மெல்ல இறுகும். சீமெந்து ஒரு நாளில் இறுகிவிடுகிறபடியால் ஆருக்கும் இதற்குப் பொறுமையில்லை.

டோரிக்கைக் காப்பாற்றக் காசு தேடவேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. மேட்டின் விளிம்பில் போய்க் குனிந்து பார்த்தேன். கடல் அடியைக் குடைந்து வைத்திருக்கிறது. கரையில் கிடக்கும் செங்கல் கட்டியெல்லாம் ஒரு காலத்தில் மாளிகை. சுவரைத் திருத்தி என்ன செய்ய, நிற்க நிலம் இருந்தால்தானே? கடலுக்குக் கல்லணை போடலாம். அந்தக் காசில் வன்னியில் உள்ள எத்தனையோ மடத்துக்கும் தேவாலயத்துக்கும் கூரை போட்டுவிடலாம். என்னைக் கேட்டால் இங்கே செய்யவேண்டியது அளப்பதுதான். ஒவ்வொரு சுவரையும் படமாக வரைந்து, எல்லாப் பக்கத்தாலும் புகைப்படம் எடுத்து, பூச்சில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்து, சாந்தில் சிப்பி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று எழுதி வைத்தால் அது போதும். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் நாலு பேரை ஒரு வாரத்துக்கு இங்கே இறக்கினால் முடியும் வேலை, சாப்பாட்டுச் செலவுதான். நான் என் பங்குக்கு அளவு நாடாவைப் பிடிக்க, மேசன் அண்ணை மற்ற நுனியைப் பிடித்தார். கடல் பக்கச் சுவரின் வெளி அளவை மட்டும் விட்டுவிட்டோம். அங்கே கால் வைக்க இடமில்லை.

சிலாவத்துறையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து மடத்துக்கான இரண்டாவது மதிப்பீட்டை எழுதத் தொடங்கினேன். பழைய சீமெந்துப் பூச்சைக் கழற்றுதல். மாவான செங்கல்லை வரிசை வரிசையாக மாற்றுதல். சுண்ணாம்புக் குழி. பனஞ்சிலாகை. ஓடு. ஷெல் துண்டு பட்ட தூணை மாற்றவேண்டாம், அப்படியே நிற்கட்டும் என்று மேசன் அண்ணை சொன்னார். எனக்கும் அதுதான் நினைப்பு. கடைசி வரியாக எழுதினேன்: வருடாந்தக் கூரைப் பார்வை, சருகு அள்ளல், கன்று பிடுங்கல், நிரந்தர வைப்புக்கான முதல். "அதைக் கடைசியில போடாதை, முதல் வரியில போடு" என்றார். போட்டேன்.

ஐந்து மணிக்குத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்து வரிவரியாக வாசித்தேன். சுண்ணாம்புக் குழிக்கு ஓம் என்றார். ஓட்டுக்கும் ஓம். தொகையைக் கேட்டு, மண்டபத்தை விட இவ்வளவு குறைவோ என்று இரண்டு தரம் கேட்டார். கடைசிக்கு விட்டிருந்த அந்த முதல் வரியை வாசித்ததும் அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமில்லை.

"தம்பி, உதைச் சபையில வைச்சா விளங்காது. கட்டடக் கணக்குக்குள்ள வைப்புக் காசு எப்பிடி வந்ததெண்டு தனாதிகாரியே கேப்பார். நீர் ஒண்டு செய்யும், அதை வேற தாளில போட்டு அனுப்பும். லண்டனில எங்கட பெரியண்ணையின்ர மகள் ஒருத்தி வங்கியில வேலை செய்யிறா. அவவிட்டை முதல் காட்டுவம்."